ஈரம்

கிளாஸ்கோவில் அந்த நவம்பரில்
இருநூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்கள் கொடுத்தோம்.
அறைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி
அடியிலுள்ள வாளியில் சேர்ப்பவை.
எண்ணுவது என் வேலை.
எண்ணி, படமெடுத்து,
அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில்
பதினேழாம் பக்கத்துக்கு அனுப்புவது.

ஷீனா மெக்ஃபெயில் வீட்டில், மூன்றாம் மாடி,
இயந்திரம் கோட்டுகளுக்கு அடியில் கிடந்தது,
மின்கம்பி சுற்றியபடியே.
"தண்ணீரை மட்டுமா குடிக்கிறது,
மீட்டரில் போடும் காசையும்தான்" என்றாள்.
தொட்டிலுக்குப் பின்சுவரில்
கறுப்புப் பூஞ்சை
தேசப்படம் போல எல்லை விரித்திருந்தது.
"கூரை விளிம்பில் மழைநீர்க் குழாய் உடைந்து
ஆறு வருஷம்.
வாளியை நான் கொட்டுகிறேன்,
வானம் நிரப்புகிறது."

நான் படமெடுக்கவில்லை என்று எழுத ஆசைதான்.
எடுத்தேன்.
கோட்டுகளை நகர்த்திவிட்டு.

வாசல்வரை வந்து கேட்டாள்: ஒன்று என்ன விலை?
நூற்று நாற்பது பவுண்ட்.
உதடு அசையப் பெருக்கினாள்.
பிறகு சொன்னாள்:
பேக்கரிக்கு மேல் ஓர் அறை, செவ்வாய்தோறும் மாலை.
பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.
வாரம் இரண்டு நாள் ஒரு வழக்கறிஞர்.
அப்புறம் பிஸ்கட்.
பிஸ்கட் இல்லாமல் இந்தத் தெருவில் எதுவும் நடக்காது.

படிவம் அனுப்பினேன்.
'பயனாளிகள் எத்தனை பேர்?' என்ற கட்டத்தில்
கீழ்வீட்டு லெத்தெப்ரஹான் எழுதியிருந்தாள்:
கூரை ஒன்று. அதற்கடியில் எத்தனை பேரோ அத்தனை பேர்.

எங்கள் நீண்ட மேசையில் ஏழு பேர்.
"கண்ணில் காட்ட என்ன இருக்கும்?" என்றார் ரத்வென்.
நான்குக்கு மூன்று என்று நிறைவேறியது:
மூன்று ஆண்டுப் பணம்,
எதற்கென்று கேள்வி இல்லை,
கதவில் எங்கள் பெயர்ப்பலகை இல்லை.

முதலாண்டு என் அறிக்கை: கூடுகிறார்கள்.
இரண்டாமாண்டு: சண்டை போட்டார்கள். இருவர் விலகினார்கள். கூடுகிறார்கள்.
ரத்வென் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமென்று.

மூன்றாமாண்டு மார்ச்சில், வழக்கு முடிந்து,
அறுபத்து நான்கு வீட்டுக் கட்டடத்துக்கும் சாரம் ஏறியது.
புதுக் குழாய்.
தொட்டிலில் கிடந்தவன்
இப்போது அந்த வெள்ளைச் சுவரில் கிறுக்குகிறான்.

இங்கே முடித்திருந்தால்
பதினேழாம் பக்கத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

அவர்கள் முடிக்கவில்லை.
கட்டடம் யாருடையது என்று தோண்டினார்கள்.
கம்பெனிக்குள் ஒரு கம்பெனி,
அதற்குள் ஜெர்சித் தீவின் ஒரு தபால்பெட்டி,
அதற்குள் ஒரு முதலீட்டு நிதி,
அதில் பணம் போட்டவர்களின் பட்டியல்.
ஷீனா தேநீரை வைத்தாள்.
தாளை என் பக்கம் தள்ளினாள்.
விரலால் சுட்டவில்லை.
பதினோராவது வரியில்
எங்கள் அறக்கட்டளை.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள்.
இடக்கை வாங்கிக்கொண்டிருந்தது
வலக்கைக்குத் தெரியவில்லை.

நெஞ்சில் ஈரமுள்ளவர்கள் என்று
எங்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததுண்டு.
அந்த ஈரம் எங்கிருந்து கசிகிறது என்று
யாரும் கேட்டதில்லை.
நாங்கள் வாடகை கட்டும் அறையில் உட்கார்ந்து
இவர்கள் கேட்டார்கள்.
எங்கள் பணம் செய்த வேலைகளிலேயே
இதுதான் உருப்படியானது என்று நினைக்கிறேன்.
அறிக்கையில் எந்தத் தலைப்பில் போடுவது,
தெரியவில்லை.

விற்றுவிடலாம் என்றார் ஒருவர்.
விற்றால் இன்னொருவர் வாங்குவார்,
வைத்துக்கொண்டு உள்ளிருந்து கேட்போம் என்றார் இன்னொருவர்.
ஷீனாவைக் கேட்டோமா என்றேன்.
ஜன்னல் கண்ணாடியில் எங்கள் மூச்சே படிந்து
தெரு மங்கலாகத் தெரிந்தது.

ஏழு பேருக்கும் கடிதம் போட்டேன்:
அடுத்த கூட்டம் செவ்வாய் மாலை,
பேக்கரிக்கு மேல்.
படி குறுகல்.
நாற்காலியை அவரவரே விரிக்க வேண்டும்,
முதலில் பேசுவது அவர்கள்.

மூன்று பேரிடமிருந்து பதில் வந்திருக்கிறது.
ரத்வென் ஒரே வரி எழுதியிருந்தார்,
என்ன பிஸ்கட் வாங்கிவர வேண்டும் என்று.